பழைய ஏடும் புதிய பக்கமும்

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினியிலே தட்டெழுத்துச் செய்து வைத்த கட்டுரைகளைத் துப்புரவான வலைப்பக்கங்களாக மாற்றுவது எப்படி என்பதே இன்று நாம் பேசவேண்டிய பொருள். இது தொழில்நுட்பம் படித்தோர் பேசவேண்டிய விடயமன்றோ, சங்கக் கூட்டத்துக்கு இது எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியொன்றை முதலிலே கூறிவிட்டு மேலே செல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது ஆண்டு மலர்களை உலகெங்கும் உள்ள அன்பர்கள் படிக்கவேண்டும் என்னும் ஆசை எமக்கு உண்டாயிற்று. அச்சுக்குக் கொடுத்த வேர்ட் கோப்புகள் கையிலிருந்தன. அவற்றைத் திறந்தோம், ‘வலைப்பக்கமாகச் சேமி’ என்னும் கட்டளையைக் கொடுத்தோம், வந்ததை அப்படியே வலையேற்றினோம். எமது கணினியிலே பார்த்தபோது பக்கங்கள் மணமேடைபோல் விளங்கின. ஒரே மாலைப்பொழுதிற் காரியம் முடிந்ததென்று தேநீர் அருந்தி மகிழ்ந்தோம்.

ஒரு மாதம் கழியுமுன் மூன்று முறைப்பாடுகள் வந்தன. கனடாவிலுள்ள பழைய அங்கத்தவர் ஒருவர், தமது கைத்தொலைபேசியில் தமிழ் எழுத்து ஒன்றுதானும் தெரியவில்லை, ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே தெரிகின்றன என்று எழுதினார். ஊரிலுள்ள பெரியவர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையார் எமது மலரில் எழுதிய கட்டுரையைப் பேரப்பிள்ளை எவ்வளவு தேடியும் இணையம் ‘இல்லை’ என்று சொல்கிறதென மனம் வருந்தினார். மூன்றாவது முறைப்பாடுதான் எம்மைத் தலைகுனியச் செய்தது. கண்பார்வையற்ற எமது இளம் அங்கத்தவர் ஒருவர், திரையிலுள்ளதை வாசித்துக் கூறும் கருவியைக் கொண்டு பக்கத்தைக் கேட்க முயன்றார். தமிழ்க் கட்டுரைக்குப் பதிலாக ‘ஜே, கே, பி, ஓ’ என ஆங்கில எழுத்துக்கள் அவர் காதில் விழுந்தன. “அண்ணை, நான் கேட்டது எங்கட மலர்தானோ?” என்று அவர் வினவினார். எமக்கு மறுமொழி வரவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது? கோப்பும் மறையவில்லை, எழுத்தும் அழியவில்லை. கண்ணுக்கு அழகாயிருந்த ஒன்று, கண்ணைக் கடந்து சென்றவிடத்துப் பொருளற்றதாகிவிட்டது. அதன் காரணத்தை ஆராயப் புகுந்தபோது நாம் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

எழுத்து ஓர் இருப்பிடத்தை விட்டு இன்னோர் இருப்பிடத்துக்குக் குடிபெயர்வது நமது நாட்டுக்குப் புதிய செய்தியன்று. ஆறுமுக நாவலர் அவர்கள் 1849 ஆம் ஆண்டிலே சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்து வெளியிட்டார்கள். இவர்கள் ஏட்டில் இருந்ததைக் கண்டவாறே அச்சுக்கோப்போர் கையிற் கொடுத்திருந்தால் நமக்கு நூல்கள் கிடைத்திருக்குமா? ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு தெரியாது. ஆகாரக் காலும் ரகரமும் ஒரே வடிவாய்த் தோன்றும். செய்யுள் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பதும் விளங்காது. இவற்றையெல்லாம் பரிசோதித்து, பிரித்து, ஒழுங்குபடுத்திய பின்னரே அச்சேற்றினார்கள். ‘பரிசோதித்துப் பதிப்பித்தல்’ என்று அவர்கள் கூறிய தொழிலின் சாரம் இதுவே.

அச்சிலிருந்து வலைக்கு எழுத்து குடிபெயரும் இக்காலத்திலும் அதே பரிசோதனை வேண்டப்படுகின்றது. கருவி மாறியதேயன்றிக் கடமை மாறவில்லை.

தோற்றமும் அமைப்பும்

தாளுக்கென ஆக்கிய பத்திரத்துக்கும் வலைப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்கள் முதலிலே தெளிந்துகொள்ளல் வேண்டும். தாளுக்கு அளவுண்டு. அகலம் இவ்வளவு, ஓரம் இவ்வளவு என்று முன்னரே வரையறுத்து, தலைப்பைப் பெரிய எழுத்தில் நடுவிலே இடுகின்றோம். அதைக் காணும் மனிதன், ‘பெரிதாயும் தடிப்பாயும் இருக்கின்றது; ஆகவே இது தலைப்பு’ என்று ஊகித்துக் கொள்கின்றான். கணினிக்கோ அந்த ஊகம் இல்லை. அதற்கு அது பெரிய எழுத்து, அவ்வளவே.

ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்திலே பணிபுரிந்த ரிம் பேணர்ஸ் லீ என்பவர், 1989 இல் உலகளாவிய வலைக்கான யோசனையை முன்வைத்தார். அதன் பக்கங்களை எழுதுவதற்கு அவர் வகுத்த எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியின் உயிர்நிலை, ஒவ்வொரு பகுதியும் இன்னது என்று பெயரிட்டுக் கூறுதலாகும். இது முதற்றலைப்பு, இது உபதலைப்பு, இது பந்தி, இது பட்டியல், இது மேற்கோள் என அது சொல்லும். நிறம், எழுத்தின் பருமன், இடைவெளி முதலிய அலங்காரங்களைத் தனியே கூறுதற்கு சி.எஸ்.எஸ். என்னும் வேறொரு மொழி 1996 டிசெம்பரில் விதந்துரைக்கப்பட்டது. உள்ளடக்கம் வேறு, உடை வேறு என்பதே இதன் தத்துவம்.

இவ்வாறு பிரித்து வைப்பதால் வரும் நன்மை யாது? உள்ளடக்கம் துப்புரவாயிருப்பின், அகன்ற திரையிலும் உள்ளங்கையளவான தொலைபேசியிலும் அது தன்னைத்தானே பொருத்திக் கொள்ளும். தேடுபொறி தலைப்பைத் தலைப்பென அறியும். பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்புக் கருவியும் அவ்வாறே அறியும். என்.வி.டி.ஏ. என்னும் இலவசக் கருவியைத் தோற்றுவித்தவர்கள், தாமும் பார்வையற்றவர்களான இரண்டு அவுஸ்திரேலிய இளைஞர்கள் என்பதை எமது இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. 2006 இல் தொடங்கிய அவர்களின் முயற்சி இன்று பல நாட்டாருக்கும் உதவுகின்றது. அக்கருவியில் ‘எச்’ என்னும் ஒரு விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம். ஆனால் தலைப்பு என்று குறிக்கப்பட்டது ஒன்றாவது பக்கத்தில் இருத்தல் வேண்டுமே! எழுத்தைப் பெருப்பித்துத் தடிப்பாக்கிய போலித் தலைப்பிலே அந்த விசை நில்லாது. முழுக் கட்டுரையையும் தொடக்கத்திலிருந்து கேட்பதையன்றி அவருக்கு வேறு வழியில்லை.

வேர்ட் தரும் பக்கம்

இனி, வேர்ட் தானாகவே ஆக்கித்தரும் வலைப்பக்கத்தில் உள்ள குறை யாது என்று நோக்குவோம். மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தார் வேர்ட் 2000 என்னும் பதிப்பிலே இவ்வசதியை அமைத்தபோது அவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது. வலைப்பக்கமாகச் சேமித்த கோப்பை மறுபடியும் வேர்டிலே திறந்தால், ஒன்றும் குறையாமற் பழைய பத்திரமாகவே அது திரும்பி வருதல் வேண்டும் என்பதே அந்நோக்கம். அதற்காகப் பந்திதோறும் வேர்டுக்கு மாத்திரம் விளங்கும் குறிப்புகளை அது எழுதி வைக்கின்றது. ‘எம்.எஸ்.ஓ.’ என்று தொடங்கும் அக்குறிப்புகள் உலாவிக்கும் வேண்டியனவல்ல, வாசகனுக்கும் வேண்டியனவல்ல. திரும்பி வருவதற்கென்று கட்டிய மூட்டை, திரும்பாத பயணத்துக்கு வெறுஞ் சுமையாகின்றது. ஆகவே வேர்டைக் குறைகூறுவதில் நியாயமில்லை. எதற்காக ஆக்கப்பட்டதென்று அறியாமற் பயன்படுத்திய குறை எம்முடையதே.

இச்சுமையை இறக்க வழிகள் உண்டு. வேர்டிலேயே ‘வடிகட்டிய வலைப்பக்கம்’ என்னும் இன்னொரு சேமிப்பு முறை உள்ளது; திரும்பி வருதற்கான குறிப்புகளை அது விலக்கிவிடும். எனினும் எழுத்தின் பருமன், நிறம் முதலிய ஒப்பனைகள் அதிலும் தங்கும். டேவ் றாகெற் என்பவர் ஆக்கிய ‘ரைடி’ என்னும் மென்பொருள், வேர்ட் பக்கங்களிலுள்ள மிகையான குறிகளைக் களைவதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டது. ஜோன் மக்ஃபார்லேன் என்னும் மெய்யியற் பேராசிரியர் 2006 இல் வெளியிட்ட ‘பண்டொக்’ என்னும் இலவச மென்பொருளோ வேறு வழியிற் செல்வது. அது வேர்ட் கோப்பின் உள்ளே நுழைந்து, இது தலைப்பு, இது பந்தி, இது அடிக்குறிப்பு என்னும் அமைப்பை மாத்திரம் எடுத்துக்கொண்டு, எழுத்துருவின் பெயர், பருமன் முதலியவற்றை விட்டுவிடுகின்றது.

இளைஞர்களுக்கு ஒரு சிறு பரீட்சை. 2007 ஆம் ஆண்டு வேர்ட் பதிப்புத் தொடக்கம் வழங்கும் ‘டொக்எக்ஸ்’ கோப்பு ஒன்றைப் பிரதி செய்து, அதன் பெயரின் இறுதிப் பகுதியை ‘சிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். அது ஒரு பொட்டலம் என்பது தெரியவரும். உள்ளே கட்டுரை ஒரு கோப்பில், படங்கள் ஓர் உறையில், பாணிகள் வேறொரு கோப்பில் இருக்கும். உள்ளிருப்பதைக் கண்ணாற் கண்டபின், மாற்றும் மென்பொருள் எதை எடுக்கின்றது, எதை விடுகின்றது என்பது எளிதில் விளங்கிவிடும்.

தமிழுக்கே உரிய தொல்லை

இவையெல்லாம் எந்த மொழிக்கும் பொதுவானவை. தமிழருக்குத் தனியே ஒரு தொல்லை உண்டு. அதுவே எமது மூன்று முறைப்பாடுகளுக்கும் மூலகாரணம்.

எமது மலர்கள் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவிலே தட்டெழுத்துச் செய்யப்பட்டன. இலங்கையிலே அச்சகங்களும் பாடசாலைகளும் சங்கங்களும் அதனையே பெரிதும் கையாண்டன. நமது எழுத்துப் பணிக்கு அது செய்த உதவி மறக்கற்பாலதன்று. ஆயினும் அதன் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். பாமினியிலே ‘தமிழ்’ என்று தட்டினால், கணினி தன்னுள்ளே பதிந்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளையே. அக்குறிகளுக்கு மேலே தமிழ் முகத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத தொலைபேசியில் முகமூடி கழன்றுவிடுகின்றது. தேடுபொறியும் வாசிப்புக் கருவியும் முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் குறியையே பார்க்கின்றன. கனடா அன்பர் கண்டதும், பேரப்பிள்ளை காணாததும், இளைஞர் காதிற் கேட்டதும் ஒரே உண்மையின் மூன்று பக்கங்களே.

இதற்குப் பரிகாரம் யூனிக்கோட் என்னும் ஒருங்குறி. 1991 இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அதில் ககரம் எங்கும் ககரமே. எந்த எழுத்துருவிற் காட்டினும், எந்த நாட்டிலே திறந்தாலும் குறி மாறாது.

பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாய்க் கிடைக்கின்றன. ஆனால் அவை செய்வது குறிக்குக் குறி மாற்றும் எளிய வேலை என்று எண்ணிவிடலாகாது. ‘கோயில்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாமினியில் முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து ககரம், அடுத்துக் கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலே தட்டுகின்றோம். முழுச் சொல்லுக்கும் ஏழு குறிகள் ஆகின்றன. ஒருங்குறியிலோ முதலில் ககரம், அதன்பின் ஓகாரக் குறி ஒன்றே. சொல் முழுவதும் ஆறு குறிகளில் அடங்கும். ஆகவே மாற்றும் கருவி வரிசையையும் மாற்றியமைத்தல் வேண்டும். அதிற் பிழை நேரின் கொம்பு முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னுமொரு நுட்பம். ‘அவர்’ என்று பாமினியில் எழுதும்போது, இறுதி ரகர மெய்க்குக் காலையும் புள்ளியையும் சேர்த்துத் தட்டுவதே பெருவழக்கு. நல்ல கருவி அதனை ரகர மெய்யென உணரும். குறைபாடுள்ள கருவியோ கால் போட்டு அதன்மேற் புள்ளி வைத்துவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். ‘அவர்’ என்று தேடினால் அகப்படாது. காலும் ரகரமும் மயங்கிய ஏட்டுக்காலத்து இடர், கணினிக் காலத்திலும் நம்மைத் தொடர்ந்து வருகின்றது பார்த்தீர்களா? நாவலர் காலத்தார் கண்ணால் தெளிந்ததை நாமும் கண்ணாலே தெளிதல் வேண்டும். ஔகாரத்தின் இறுதிக் குறியை ளகரமாகத் தட்டிவிடுவதும் இவ்வகையான பிழையே.

இங்கே நாம் பட்டு அறிந்த பாடம் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். துப்புரவு என்னும் ஆர்வ மிகுதியால், இரண்டாம் முறை வேலை தொடங்கியபோது, எல்லாக் கட்டுரைகளையும் நோட்பாட் என்னும் வெறும் ஏட்டில் ஒட்டி ஒப்பனை முழுவதையும் முதலிலே நீக்கிவிட்டோம். அதன்பின் ஒருங்குறிக்கு மாற்றினோம். கட்டுரைகளின் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தன. எது பாமினி, எது ஆங்கிலம் என்று காட்டிக்கொண்டிருந்தது எழுத்துருவின் பெயர் ஒன்றே. அதனை நாமே அழித்துவிட்டோம்! எஃப், ஓ, ஆர் என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ‘கழச’ என்று தமிழாகிச் சிரித்தது. ஒரு வார உழைப்பு வீணாயிற்று. சுளகிலே புடைக்குமுன் உமி எது, அரிசி எது என்று அறிந்திருத்தல் வேண்டும். ஒப்பனையெல்லாம் உமியென்று கொட்டிவிட்டால் அதனோடு அரிசியும் போய்விடும்.

செய்யும் முறை

ஆகவே நாம் கைக்கொண்ட ஒழுங்கை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, மூலக்கோப்பிற் கைவைத்தல் ஆகாது. அதன் பிரதியொன்றிலேயே வேலை செய்தல் வேண்டும்.

இரண்டாவது, வேர்டிலுள்ள ‘தேடி மாற்றும்’ வசதியில் எழுத்துருவின் பெயரைக்கொண்டு தேடி, பாமினியில் உள்ள பகுதிகளுக்கு மாத்திரம் நிறமிட்டுக் கொள்ளல் வேண்டும். நிறமிட்ட பகுதிகளையே ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, மாற்றிய கட்டுரையை அச்சு மலரோடு ஒப்புநோக்கி மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்த்து வருதல் சிறந்தது.

நான்காவது, தலைப்புகளுக்கு வேர்டிலுள்ள தலைப்புப் பாணிகளை இடுதல் வேண்டும். கட்டுரையின் பெயருக்கு முதலாம் நிலை, உட்பிரிவுகளுக்கு இரண்டாம் நிலை. ஒன்று, இரண்டு என்று கையாலே தட்டிய பட்டியல்களை உண்மையான பட்டியல்களாக்கல் வேண்டும்.

ஐந்தாவது, இடைவெளி விசையாலும் தாவல் விசையாலும் செய்த அலங்காரங்களை நீக்குதல் வேண்டும். வலைப்பக்கத்திலே பல வெற்றிடங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகச் சுருங்கிவிடும். நன்கொடையாளர் பெயரும் தொகையும் தாவல் விசையால் மாத்திரம் பிரிக்கப்பட்டிருந்தால், வலையில் இரண்டும் நெருங்கி நின்று படிப்போரை மயக்கும். அவற்றை முறையான அட்டவணையாக்கல் வேண்டும். செய்யுளாயின், ஒரு பாட்டினை ஒரே பந்தியாக வைத்து, அடிதோறும் வரி முறிக்கும் குறியை இடுதல் வேண்டும். அடி குலைந்த செய்யுள் செய்யுளாகாது.

ஆறாவது, பண்டொக்கைக் கொண்டு வலைப்பக்கமாக்கி, படங்களைத் தனி உறையில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை எழுதுதல் அவசியம். ‘படம் 1’ என்று எழுதுவதால் ஒருவருக்கும் பயனில்லை. ‘ஆண்டு விழாவிலே மங்கல விளக்கேற்றும் தலைவர்’ என்று எழுதினால், காணாதவரும் கண்டவராவார்.

ஏழாவது, பக்கத்தின் தலைமாட்டிலே இரண்டு அறிவிப்புகள் தவறாது இருத்தல் வேண்டும். எழுத்துக்குறி முறை யு.ரி.எஃப். 8 என்பது ஒன்று. பக்கத்தின் மொழி தமிழ் என்பதைக் குறிக்கும் ‘ரி, ஏ’ என்னும் இரண்டெழுத்து மற்றொன்று. மொழி இன்னதென்று அறிவித்தால்தான் வாசிப்புக் கருவி தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளல் இயலும்.

எட்டாவது, வலையேற்றுமுன் பக்கத்தை ஒரு தொலைபேசியிற் பார்த்து, ஒரு சொல்லைத் தேடி, வாசிப்புக் கருவியாற் கேட்டும் பார்த்தல் வேண்டும். எமது முறைப்பாட்டாளர் மூவருமே இம்மூன்று பரீட்சைகளையும் எமக்குக் கற்பித்த ஆசிரியர்கள்.

இன்னுமொன்று. அச்சு மலர் ஊரவர் சிலநூறு பேரின் கைக்குச் செல்வது. வலைப்பக்கம் உலகத்தார் யாவருக்கும் திறந்த வாயில். ஆதலின் அங்கத்தவரின் வீட்டு விலாசம், தொலைபேசி எண் முதலியன பழைய மலரில் அச்சாகியிருந்தாலும், அவற்றை வலையேற்றாது விடுதலே முறை.

இரண்டு ஐயங்கள்

பக்கங்களை ஒளிப்படம்போலப் பி.டி.எஃப். கோப்பாக இட்டுவிட்டாற் போதாதா என்று கேட்போர் உளர். நல்ல கேள்வி. அச்சுப் பக்கத்தின் உருவத்தை உள்ளவாறு காக்கச் சிறந்தது அதுவே. ஆதலின் அதனையும் வைத்திருத்தல் வேண்டும். ஆனால் சிறு திரையிலே அதனைப் படிப்போர் பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்துக் களைப்பர். பாமினியில் ஆக்கிய பி.டி.எஃப். கோப்பிலும் தேடல் கைகூடாது. பி.டி.எஃப். சாட்சியாக இருக்கட்டும்; வலைப்பக்கம் வாசிப்புக்கு இருக்கட்டும்.

துப்புரவாக்கும்போது பழைய எழுத்து நடையையும் திருத்தலாமோ என்று கேட்போரும் உளர். கூடாது என்பதே எமது துணிபு. எம்மிடையே ஒரு தம்பி, பெரியவர் ஒருவர் ஈழத்து வழக்கின்படி ‘ரிக்கற்’ என்று எழுதியிருந்ததை, நல்லெண்ணத்தோடுதான், ‘டிக்கெட்’ என்று மாற்றிவிட்டார். ஒப்புநோக்கும்போது அகப்பட்டது, மீண்டும் பழையவாறே ஆக்கினோம். எழுத்து ஒருவரின் குரல். குரலைச் சூழ்ந்த இரைச்சலை நீக்குவது துப்புரவு. குரலையே மாற்றுவது துரோகம். துப்புரவு வேறு, திருத்தம் வேறு என்பதை இளைஞர்கள் மனத்திருத்துவார்களாக.

முடிவுரை

1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரேயொரு பிரதியாயிருந்த ஏடுகளும் அவற்றோடு போயின. அத்துயரை அறிந்த பெரியோர் இச்சபையிலே இருக்கின்றார்கள். ஓரிடத்தில் மாத்திரம் உள்ளது ஒருநாளில் இல்லாது போகும் என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று. 1998 இல் மதுரைத் திட்டம் தொடங்கித் தமிழ் நூல்களை மின்னுருவாக்கி வருகின்றது. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் எண்ணிமப்படுத்திக் காத்து வருகின்றது. அப்பெரும்பணிக்கு நமது பங்கு யாது?

நெருப்பினால் மாத்திரம் நூல் அழிவதில்லை. எந்தக் கருவியாலும் வாசிக்க முடியாத கோப்பும், எவர் தேடியும் அகப்படாத பக்கமும் உயிரோடிருந்தும் இல்லாதனவே. எமது பெட்டகத்திலே இன்னும் பாமினிக் கோப்புகளாகவே உறங்கும் மலர்கள் பல. அவற்றில் எழுதியவர்களுட் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களின் குரலை அவர்களது பேரப்பிள்ளைகளின் கைக்குச் சேர்ப்பது, கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையன்று; நமது கையாலே செய்யவேண்டிய கடன்.

இதற்கு இரு தலைமுறையினரும் வேண்டும். கருவியை ஆள இளைஞர் வேண்டும். மெய்ப்புப் பார்க்கப் பெரியோர் வேண்டும். சந்தி பிரித்துப் படிக்கவும், பழைய சொல்லைச் சொல்லென்று காணவும் பெரியோரின் கண்ணே வல்லது. ஓர் இளைஞரும் ஒரு பெரியவரும் ஒரு மேசையில் அமர்ந்து, வாரத்துக்கு ஒரு கட்டுரை முடித்தாற் போதும். அவசரம் வேண்டாம், ஒரே மாலையில் முடித்த வேலை எங்கே கொண்டுபோய் விட்டதென்பதை முன்னரே கண்டோம்.

இறுதியாக ஒரு செய்தி. முதன்முதல் இவ்வாறு துலக்கி முடித்த பக்கத்தை, அன்று முறைப்பாடு செய்த அந்த இளம் அங்கத்தவரிடமே முதலிற் கொடுத்தோம். அவர் ‘எச்’ விசையைத் தட்டினார். கட்டுரையின் பெயர் தெளிவான தமிழில் ஒலித்தது. மீண்டும் தட்டினார், அடுத்த தலைப்பு ஒலித்தது. ஒன்றும் பேசாமல் முழுக் கட்டுரையையும் கேட்டு முடித்தார். பின்னர், “அடுத்த கட்டுரை எப்ப வரும்?” என்று கேட்டார்.

அக்கேள்வியையே இச்சபையின் முன் வைத்து அமைகின்றோம்.